ரூட்டிங் பாடத்தைப் பழுதிலிருந்து தொடங்குங்கள்

நெய்வேலி நகரியத்திலும் சுற்றியுள்ள வடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளிலும் டிப்ளமோவோ பொறியியலோ முடித்து நெட்வொர்க் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் கையில் எடுக்கும் முதல் பாடம் பெரும்பாலும் சி.சி.என்.ஏ.தான். சிஸ்கோ நிறுவனம் 1998இல் கொண்டுவந்த சான்றிதழ் அது. ஸ்விட்சும் ரூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளை, அதாவது புரோட்டோகால்களை, ஒருவர் அறிந்திருக்கிறாரா என்று சோதிக்கும் தேர்வு. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். புரோட்டோகாலைக் கட்டளைகளின் பட்டியலாகப் படிப்பவர் தேர்விலும் தடுமாறுவார், வேலையிலும் தடுமாறுவார். அது எந்தப் பழுதைத் தடுக்க உண்டானது என்பதிலிருந்து தொடங்குபவருக்குக் கட்டளை தானாகவே மனதில் தங்கும். நெய்வேலிக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962இல் முதல் அனல் மின் அலகு ஓடத் தொடங்கிய காலம்தொட்டு, இந்த ஊரின் வேலையே பழுதை முன்கூட்டி நினைத்துச் செய்யும் வேலை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். மின்நிலையத்தில் ஒரு ஃபீடரில் பழுது வந்தால் ரிலே அதை மட்டும் வெட்டிவிட வேண்டும், மற்றவை ஓட வேண்டும். வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ரூட்டிங் பாடத்துக்கு வந்தவுடன் மட்டும் மனப்பாடத்தில் இறங்குவது ஏன் என்பதுதான் என் கேள்வி.

தேர்வின் போக்கே மனப்பாடத்துக்கு எதிராகத் திரும்பி வருடங்கள் ஆகின்றன. 2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் சான்றிதழ்களை மாற்றி அமைத்தது. ரூட்டிங்-ஸ்விட்சிங், பாதுகாப்பு, வயர்லெஸ் என்று கிளை பிரிந்திருந்த சி.சி.என்.ஏ. ஒரே தேர்வானது. ஆலைகளின் நெட்வொர்க்குக்கென்று தனியாக இருந்த இண்டஸ்ட்ரியல் சி.சி.என்.ஏ.வும் அந்த மாற்றத்தோடு மறைந்தது. புதிய தேர்வின் எண் 200-301, நேரம் 120 நிமிடம். பாடத்திட்டத்தில் நெட்வொர்க் அடிப்படைக்கு 20 சதவீதம், ஸ்விட்சிங் உள்ளிட்ட நெட்வொர்க் அணுகலுக்கு 20, ரூட்டிங்குக்கு 25, ஐ.பி. சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியக்கத்துக்கு 10 என்று பங்கு. பழைய தேர்வில் இருந்த ரிப், ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற ரூட்டிங் புரோட்டோகால்கள் இரண்டும் இதில் இல்லை. டைனமிக் ரூட்டிங்கில் ஒற்றை ஏரியா ஓ.எஸ்.பி.எஃப். மட்டும் நின்றது. ஈ.ஐ.ஜி.ஆர்.பி.யின் கட்டளைகளை உருப்போட்டு வைத்திருந்தவருக்கு அன்றோடு அந்த உழைப்பு வீண். பக்கத்து ரூட்டர் சொன்னதை அப்படியே நம்பும் புரோட்டோகாலுக்கு என்ன கேடு வரும் என்று புரிந்து வைத்திருந்தவருக்கு எதுவும் வீணாகவில்லை; அந்தக் கேட்டுக்கு மருந்தாக வந்ததுதான் ஓ.எஸ்.பி.எஃப். பாடத்திட்டம் மாறும், கட்டளையின் வடிவம் மாறும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழுதின் தன்மை மாறுவதில்லை.

ஸ்விட்சிங்கிலிருந்து பார்ப்போம். இரண்டு ஸ்விட்சுகளை ஒரே கேபிளால் இணைத்தால் அது அறுந்த கணத்தில் எல்லாம் நிற்கும். எனவே இன்னொரு கேபிள் போடுகிறோம். போட்டவுடன் வேறோர் ஆபத்து முளைக்கிறது. ஐ.பி. பாக்கெட்டில் டி.டி.எல். என்றோர் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. வளையமாக இணைந்த ஸ்விட்சுகளுக்குள் ஒரே ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் நுழைந்தால், யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை அது சுற்றும். வளையங்கள் கூடக்கூடப் பெருகவும் செய்யும். சில நொடிகளில் இணைப்புகள் நிரம்பி, ஸ்விட்சுகளும் கம்ப்யூட்டர்களும் திணறிவிடும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985இல் இதற்குக் கண்டுபிடித்த விடைதான் ஸ்பானிங் ட்ரீ. கேபிள்கள் வளையமாகவே இருக்கட்டும். ஸ்விட்சுகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்து, மிச்சமான வழிகளை அடைத்து வைக்கட்டும். ஓடும் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கட்டும் என்பதே அதன் சாரம். 1990இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 802.1டி என்ற தரமானது. பாடப்புத்தகம் ‘ரூட் பிரிட்ஜ் தேர்வு’ என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடும் இடத்தில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. எல்லா ஸ்விட்சும் 32768 என்ற ஒரே முன்னுரிமை எண்ணோடு வருகின்றன. யாரும் அதை மாற்றாவிட்டால் மிகச் சிறிய மேக் முகவரி கொண்ட ஸ்விட்ச் தலைமையாகும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே பழையதாக, திராணி குறைந்ததாக இருக்கும். ஏதோ ஒரு மூலை அறையில் தூசி படிந்து கிடக்கும் பெட்டி மொத்த வளாகத்தின் நடுப்புள்ளியாகிவிடும். முன்னுரிமை எண்ணைக் குறைக்கும் கட்டளை எதற்கு என்று இதைக் கேட்டவர் மறக்கமாட்டார்.

விடையாக வந்த புரோட்டோகாலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அடுத்த பாடம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் 2002 நவம்பரில் ஏறத்தாழ நான்கு நாட்கள் நிலைகுலைந்தது. மருந்துச் சீட்டு, ஆய்வக முடிவு எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. ஊழியர்கள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. காரணம் தேடியவர்கள் கண்டது இதுதான்: ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த அந்த நெட்வொர்க், ஸ்பானிங் ட்ரீ எதிர்பார்க்கும், ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு ஏழு தாவல் என்ற எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. எல்லைக்குள் இருந்தவரை காத்த புரோட்டோகால், எல்லைக்கு வெளியே போனதும் வளையத்தைக் கண்டுகொள்ளவில்லை. அந்த மருத்துவமனை பிறகு தன் நெட்வொர்க்கை ரூட்டர்களால் பிரித்து மாற்றிக் கட்டியது. அனுபவத்தை மறைக்காமல் வெளியிலும் சொன்னது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு கட்டளை அல்ல, ஒரு கேள்வி. ‘இந்தப் புரோட்டோகால் எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறது, அந்த நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும்?’ ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இதைக் கேட்பவர் பாதிப் பாடத்தைத் தாமே எழுதிக்கொள்வார்.

நெய்வேலி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கூர்மை வருகிறது. பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஓர் இணைப்பு அறுந்தால் மாற்று வழி திறக்க 30 முதல் 50 நொடி பிடிக்கும். அலுவலகத்தில் மின்னஞ்சல் அவ்வளவு நேரம் தாமதித்தால் யாரும் சாகமாட்டார்கள். மின்நிலையத்தின் துணைநிலையத்தில் கணக்கு வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லிநொடி. ஐ.ஈ.சி. 61850 என்ற பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றும் துணைநிலையங்களில், ஒரு ரிலே இன்னொன்றுக்கு ‘வெட்டு’ என்று சொல்லும் கூஸ் செய்தி ஈதர்நெட் வழியாகவே போகிறது. அது போய்ச் சேர 3 மில்லிநொடிதான் அவகாசம். ஐ.பி. முகவரிகூட இல்லாமல் ஃபிரேமாகவே செல்லும் அந்தச் செய்திக்கு 50 நொடி என்பது ஊழிக்காலம். 2001இல் வந்த ராப்பிட் ஸ்பானிங் ட்ரீ இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்தது. இன்றைய தேர்வில் இருப்பதும் இந்த வகைதான். அதுவும் போதாத இடத்துக்காகப் பி.ஆர்.பி. என்ற முறை உண்டு. ஒரே ஃபிரேமை இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளில் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். பெறும் கருவி முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். ஒரு பக்கம் முழுதாகச் செத்தாலும் மீட்பு நேரம் பூஜ்ஜியம். இந்த மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்தால் மூன்று சுமை. எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்ற ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் என்று படித்தால் ஒரே பாடம்.

இதே வழியில் போனால் ரூட்டிங் எதற்கு என்பதும் விளங்கும். பல மாணவர்கள் ‘வேறு நெட்வொர்க்குக்குப் போக ரூட்டர் வேண்டும்’ என்று ஒப்பிப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்காக வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. மின்சார ஊர்க்காரர்களுக்கு இதற்குப் பதில் 2012இலேயே கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 30இலும் 31இலும் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. தென்மண்டலத் தொகுப்பு விழவில்லை. நெய்வேலியின் டர்பைன்கள் அந்தச் சரிவில் இழுபடவில்லை. அன்று தெற்கு மற்ற மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் பூட்டப்படாமல், தால்ச்சர்-கோலார் போன்ற உயர் அழுத்த நேர்மின் இணைப்புகள் வழியாக மட்டும் தொடர்பில் இருந்தது. மின்சாரம் வந்தது, சரிவு வரவில்லை. நெட்வொர்க்கில் ரூட்டர் செய்யும் வேலை ஏறத்தாழ இதுவே. ஒரு பிராட்காஸ்ட் பரப்பில் எழும் புயலை எல்லையில் நிறுத்தி, போக வேண்டிய பாக்கெட்டை மட்டும் கடத்துவது. ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்குகளாக வகுக்கும் விலான்களைப் பிரிப்பதும், ஓ.எஸ்.பி.எஃப்.பை ஏரியாக்களாக வகுப்பதும் பழுது பரவும் பரப்பைச் சுருக்கும் வெவ்வேறு முயற்சிகள்தாம். பிரித்து வைப்பதே எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தெற்கும் தேசியத் தொகுப்போடு இணைந்தது. இணைப்பதில் ஆதாயம் உண்டு. இணைக்கும்போது காப்பு எங்கே வைப்பது என்பதை அறிந்து இணைக்க வேண்டும்.

ரூட்டர்கள் தமக்குள் வழியைச் சொல்லிக்கொள்ளும் முறையிலும் பழுதே ஆசான். ரிப் முறையில் ஒவ்வொரு ரூட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தன் பட்டியலைப் பக்கத்து ரூட்டருக்குச் சொல்லும். ஒரு நெட்வொர்க் அறுந்துவிட்டால், அது அறுந்ததை அறியாத பக்கத்து ரூட்டர் ‘என் வழியாகப் போகலாம்’ என்று பழைய செய்தியையே திருப்பிச் சொல்லும். கேட்டவரும் நம்பித் தூரத்தில் ஒன்றைக் கூட்டிச் சொல்வார். இப்படியே தூரம் ஏறிக்கொண்டே போகும். 15 தாவலுக்கு மேல் ‘சேர முடியாதது’ என்று கருதும் விதி ரிப்பில் வந்தது இந்த முடிவில்லாத எண்ணிக்கையை வெட்டத்தான். இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டும் தொடக்கத்தில் இவ்வகை ரூட்டிங்கில் இருந்து, 1979-80இல் வேறு முறைக்கு மாறியது. பிறர் சொன்ன தூரத்தை நம்பாமல், ஒவ்வொரு ரூட்டரும் தன் இணைப்புகளை எல்லோருக்கும் அறிவிக்க, எல்லோரும் முழு வரைபடத்தை வைத்துக்கொண்டு மிகக் குறைந்த தூரமுள்ள வழியைத் தாமே கணக்கிடும் முறை அது. கணக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்டது. புதிய முறைக்கும் விரைவிலேயே சோதனை வந்தது. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்பாநெட் பல மணி நேரம் பயனற்றுப் போனது. கோளாறான ஒரு கருவியின் நினைவகத்தில் பிட்கள் உதிர்ந்ததால், ஒரே அறிவிப்பு 44, 40, 8 என்று மூன்று வரிசை எண்களோடு உலவத் தொடங்கியது. எண்கள் 64க்குள் சுழலும் ஏற்பாடு. அதன்படி 40ஐவிட 44 புதியது, 8ஐவிட 40 புதியது, 44ஐவிட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்த, ரூட்டர்கள் வேறெதையும் கவனிக்க முடியவில்லை. இன்றைய ஓ.எஸ்.பி.எஃப். அறிவிப்பில் சுழலாத வரிசை எண், சரிபார்ப்பு எண், 3600 நொடி ஆயுள் ஆகிய மூன்றும் இருப்பதைப் புத்தகத்தில் வறட்டு விவரமாகப் படிக்கிறோம். அந்த அக்டோபர் நாளை வைத்துப் படித்தால் மூன்றுக்கும் காரணம் கிடைக்கிறது.

தேர்வில் அதிகம் பேர் தவறும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூட்டரின் அட்டவணையில் ஒரு முகவரிக்கு இரண்டு வழிகள் பொருந்துகின்றன: கையால் எழுதிய ஸ்டாட்டிக் வழி /24 அளவில், ஓ.எஸ்.பி.எஃப். சொன்ன வழி /26 அளவில். பாக்கெட் எதில் போகும்? ஸ்டாட்டிக்கின் நம்பக எண் (அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்) 1, ஓ.எஸ்.பி.எஃப்.பின் எண் 110, குறைந்ததே வெல்லும் என்று உருப்போட்டவர் ஸ்டாட்டிக் என்பார். சரியான விடை ஓ.எஸ்.பி.எஃப். நம்பக எண் ஒரே அளவுள்ள வழிகளுக்கு இடையில்தான் பேசும். அளவு வேறானால், முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்தும் குறுகிய வழியே எப்போதும் வெல்லும். இந்த விதியின் பலத்தை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று பார்த்தது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க அதற்குள் அடங்கிய 208.65.153.0/24 என்ற குறுகிய வழியை எழுதியது. அது எல்லைக்குள் நிற்காமல், வெளியிணைப்பு தரும் நிறுவனத்தின் வழியாக, இணைய நிறுவனங்கள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பி.ஜி.பி. புரோட்டோகாலில் உலகெங்கும் பரவியது. உலகின் ரூட்டர்கள் குறுகியதை நம்பின. யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பல இடங்களில் எட்டாமல் போனது. யூடியூப் மீண்டதும் அதே விதியால்தான். தானும் /24, அதைவிடக் குறுகிய /25 என்று அறிவித்துப் போட்டி போட்டது. பி.ஜி.பி. சி.சி.என்.ஏ. தேர்வில் பெரிதாக இல்லை. ஆனாலும் இந்த நிகழ்ச்சியை அறிந்தவர் நீளப் பொருத்த விதியில் தவறமாட்டார்.

பாதுகாப்புக்கான 15 சதவீதத்தையும் பலர் கட்டளையாகவே படிக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்ததையும், தீம்பொருள் கண்டறியப்பட்டதையும் இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. தொற்றிய கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு தொடர்புள்ள நெட்வொர்க்கில் இருந்தது என்றும், உலையை நடத்தும் முக்கிய நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் கழகம் சொன்னது. அந்தப் பிரிப்பைத் தாண்ட முடிந்தால் என்ன நடக்கும் என்பதை உக்ரைன் 2015 டிசம்பர் 23 அன்று காட்டியது. மின்விநியோக நிறுவனங்களின் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள் மின்னஞ்சல் வழியாகப் புகுந்தவர்கள், அங்கிருந்து கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்குள் போய்த் துணைநிலையங்களின் பிரேக்கர்களைத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளில் மின்சாரம் நின்றது. 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்று இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டதன் பின்னணியில் இந்த வரலாறெல்லாம் இருக்கிறது. விலானும் அக்சஸ் லிஸ்ட்டும் தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண். மின்நிலையம் உள்ள ஊரில் அவை அலுவலக மேசைக்கும் டர்பைனுக்கும் நடுவே நிற்கும் சுவர்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைத் தள்ளிவிட முடியாது. முதல் மறுப்பு நேரத்தைப் பற்றியது. வேலை தேடும் பிள்ளைக்கு வரலாறு படிக்க ஏது நேரம், முந்தைய கேள்விகளின் ‘டம்ப்’பைப் படித்துத் தேறிவிட்டால் என்ன குறை என்பார்கள். டம்ப்பால் தேறுவோர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது சிஸ்கோவின் விதிக்குப் புறம்பானது, கண்டுபிடித்தால் சான்றிதழே பறிபோகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அந்தப் படிப்பு கரைந்துவிடும். ‘ஓ.எஸ்.பி.எஃப். அண்டை உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கிறது, எங்கே பார்ப்பாய்?’ என்று கேட்பவர், இரு முனைகளிலும் எம்.டி.யு. அளவு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்ற பதிலையும் அதன் காரணத்தையும் எதிர்பார்க்கிறார். டம்ப்பில் விடை இருக்கும், காரணம் இருக்காது. நேரக் கணக்கும் உண்மையில் தலைகீழ். ஒரு பழுதின் கதையோடு நுழைந்த விவரம் பல மாதம் நிற்கிறது. பட்டியலாக நுழைந்தது அடுத்த வாரம் மறுபடி படிக்கக் கேட்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. எல்லாம் கிளவுடுக்குப் போகிறது, நெட்வொர்க்கை மென்பொருளே அமைக்கிறது, கட்டளையைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது, இந்த நிலையில் ஸ்பானிங் ட்ரீ எதற்கு என்கிறார்கள். கட்டளை எழுதும் திறனின் விலை குறைந்துவருவது உண்மை. அதனால்தான் கட்டளையை மையமாக வைத்துப் படிக்காதீர்கள் என்கிறேன். தானியக்கத்தில் உலகில் முன்நின்ற நிறுவனங்களில் ஒன்றான ஃபேஸ்புக் 2021 அக்டோபர் 4 அன்று ஆறு மணி நேரத்துக்கும் மேலாக இணையத்திலிருந்து மறைந்தது. பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வைத்திருந்த சோதனைக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தரவு மையங்களைக் காணாத டி.என்.எஸ். சர்வர்கள், தங்களிடம்தான் கோளாறு என்று எண்ணித் தம் பி.ஜி.பி. அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றன. கடைசியில் பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குப் போய்ச் சரிசெய்தார்கள். கருவி அமைத்ததைக் கருவியால் மீட்க முடியாத நேரத்தில், எந்தப் புரோட்டோகால் எதை நம்பி நிற்கிறது என்று தெரிந்த மனிதர்தான் தேவைப்பட்டார்.

மூன்றாவது மறுப்பு நம் ஊர் நிலைமையிலிருந்து வருகிறது. தேர்வு தமிழில் இல்லை. பட்டியல் கட்டணம் 300 டாலர், வரியோடு ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாயை எட்டும். தேறினாலும் நெய்வேலியிலேயே வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு தனியார் கம்பெனியின் சான்றிதழுக்கு ஏன் இவ்வளவு என்கிறார்கள். இவை எல்லாமே நியாயம். சான்றிதழ் வேலை தரும் என்று விற்கப்படும் விளம்பரங்களை நானும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் இந்த நியாயங்கள் காரணத்தோடு படிப்பதற்குத்தான் வலு சேர்க்கின்றன. ஸ்பானிங் ட்ரீ, ஓ.எஸ்.பி.எஃப்., விலான் எல்லாம் ஒரு கம்பெனியின் சொத்தல்ல, பொதுத் தரங்கள். ஜுனிப்பர், ஹெச்.பி. ஸ்விட்சிலும் அவையே இருக்கின்றன; லினக்ஸில் இலவசமாக ஓடும் எஃப்.ஆர். ரூட்டிங் மென்பொருளிலும் அதே ஓ.எஸ்.பி.எஃப். இருக்கிறது. காரணம் புரிந்தவர் எந்தப் பெட்டியிலும் வேலை செய்வார். கட்டணம் கட்ட முடியாமல் தேர்வைத் தள்ளிப்போட்டாலும் கற்றது கையில் இருக்கும். மொழியைப் பொறுத்தவரை, தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குத் தடையாக நிற்பது ரூட்டர், பாக்கெட் என்ற சொற்கள் அல்ல. அவை ஏற்கெனவே நம் பேச்சில் இருக்கின்றன. காரணத்தைத் தமிழில் யாரும் விளக்காததுதான் தடை. ‘போகும் வழி எழுதினாய், திரும்பி வரும் வழி எழுதினாயா?’ என்று ஒரே வரியில் தமிழில் கேட்டால், பிங் ஏன் தோற்கிறது என்பது ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் படித்தவருக்கும் பளிச்சென்று விளங்கிவிடும்.

படிக்கும் முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். பெரும்பாலான வகுப்புகளில் அதில் ஒரு நெட்வொர்க்கைக் கட்டி, பிங் போய்விட்டால் பாடம் முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும். ஓடும் நெட்வொர்க்கில் ஒன்றை மட்டும் கெடுங்கள். ஒரு முனையில் ஓ.எஸ்.பி.எஃப். ஹலோ நேரத்தை 10 நொடியிலிருந்து மாற்றுங்கள். ட்ரங்க்கில் புதிய விலானைச் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த விலான்கள் எல்லாம் அந்த ட்ரங்க்கிலிருந்து நீங்கிவிடும், வேலைத்தளத்தில் ஒரு மாடி முழுவதும் இருளச் செய்யும் தவறு அது. ஒரு ரூட்டரில் திரும்பும் வழியை நீக்குங்கள். கெடுப்பதற்கு முன்பே என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதுங்கள்; பிறகு நடந்ததோடு ஒப்பிடுங்கள். எழுதியதும் நடந்ததும் வேறுபடும் இடத்தில்தான் உங்களுக்குத் தெரியாத பாடம் இருக்கிறது. இரண்டு பேராகப் படித்தால் ஒருவர் கெடுக்க, மற்றவர் கண்டுபிடிக்கலாம். வயர்ஷார்க்கும் இலவசம்தான்; அதைத் திறந்து பாக்கெட்டை நேரில் பார்ப்பது புத்தகப் படத்தைப் பார்ப்பதைவிட மேல். சப்நெட் கணக்குக்கு மட்டும் தினசரிப் பயிற்சி தவிர வேறு வழி கிடையாது. அது கையில் ஏறாமல் மேலே சொன்ன எதையும் வேகமாகச் செய்ய முடியாது.

நெய்வேலியில் முதல் அனல் மின்நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. 500 மெகாவாட் அலகுகள் இரண்டோடு புதிய நிலையம் வந்துவிட்டது. இனி வரும் ஆலைகளில் அளவுக் கருவி, கேமரா, ரிலே என்று எதைத் தொட்டாலும் அதன் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்த ஸ்விட்சைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் தகுதியோடு நிற்க வேண்டும் என்றால் பயிற்சி மையங்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். வாரத்தில் ஒரு வகுப்பில் புதிதாக எதையும் கட்டச் சொல்லாமல், கெட்டுப்போன நெட்வொர்க் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘என்ன பழுது, ஏன் வந்தது, இது வராமல் தடுக்கும் ஏற்பாடு எது?’ என்ற மூன்று கேள்விகளுக்கும் தமிழிலேயே பதில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களும் மையத்தில் சேரும்போது தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதற்கு முன், இப்படியொரு வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.